கால் டாக்ஸி போல் தோன்றும் வேகக் கார்: கமுக்கக் கார் ஒன்றைச் சென்னையில் தேடி, சோதித்து, வாங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

சென்ற ஆண்டு வடபழனியில் ஒரு திருமண மண்டபத்தின் வாசலில் என்னுடைய வெள்ளை நிற ஹூண்டாய் ஆராவை நிறுத்திவிட்டு நண்பருக்காகக் காத்திருந்தேன். பட்டுப்புடவையும் தாம்பூலப் பையுமாக வந்த ஓர் அம்மையார் பின்கதவைத் திறந்து வசதியாக உட்கார்ந்துகொண்டு, "ஓடிபி சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டார். அவர்மீது பிழையே இல்லை. இந்த நகரத்தில் வெள்ளை ஆரா என்றால் பத்தில் எட்டுப் பேருக்குக் கால் டாக்ஸிதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் காரின் பானெட்டுக்குள் இருந்தது டாக்ஸிகளில் ஓடும் சிஎன்ஜி எஞ்சின் அன்று. டர்போ பொருத்திய ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின்.

இப்படிப் பார்வைக்குச் சாதாரணமாகவும் ஆற்றலில் அசாதாரணமாகவும் இருக்கும் கார்களைக் கார்ப் பிரியர்கள் ஸ்லீப்பர் என்பார்கள். நான் கமுக்கக் கார் என்று சொல்லிப் பழகிவிட்டேன். பிரிட்டனில் இவற்றுக்குக் க்யூ கார் என்று பெயர். முதல் உலகப் போரில் சரக்குக் கப்பல் வேடத்தில் பீரங்கிகளை மறைத்துச் சென்ற க்யூ கப்பல்களிலிருந்து வந்த பெயர் அது. 1968-இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 300 எஸ்இஎல் 6.3 என்ற காரை வெளியிட்டபோது, தன்னுடைய மாபெரும் 600 காரின் 6.3 லிட்டர் வி8 எஞ்சினை ஒரு நிதானமான பெரிய செடானுக்குள் வைத்து, 250 குதிரைத்திறனை அமைதியாக விற்றது. இந்த வழிகாட்டி அந்த அளவுக்குப் பணம் வைத்திருப்பவர்களுக்கானது அன்று. சென்னையில் பழைய கார்ச் சந்தையில் நியாயமான விலைக்குள் ஒரு கமுக்கக் காரைத் தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொழிற்சாலையே மறைத்து வைத்த ஆற்றலைத் தேடி வாங்குங்கள். பட்டறையில் ஏற்றிய ஆற்றலைத் தேடி அலைய வேண்டாம் என்பதுதான் என்னுடைய நிலைப்பாடு. அதற்கான காரணத்தை ஐந்தாம் படியில், என் கையைச் சுட்டுக்கொண்ட கதையோடு சொல்கிறேன்.

முதல் படி: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வது

பெரும்பாலானோர் விளம்பரத்தில் குதிரைத்திறனை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதைவிடப் பயனுள்ள எண், ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் கிடைக்கிறது என்பதாகும். ஏறத்தாழ 1,250 கிலோ எடையுள்ள ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் 1.5 டிஎஸ்ஐ 150 குதிரைத்திறன் தருகிறது. ஆகவே டன்னுக்கு 120. ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள போலோ ஜிடி டிஎஸ்ஐ 105 குதிரைத்திறன் தருகிறது. ஆகவே டன்னுக்கு 95. இந்த எண் 90-ஐத் தாண்டினாலே கார் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதும், 120-ஐத் தொட்டால் முந்திச் செல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேச்சை நிறுத்துவார் என்பதும் என் அனுபவக் கணக்கு.

ஆனால் சென்னைச் சாலையில் காரின் குணத்தைத் தீர்மானிப்பது குதிரைத்திறனைவிட டார்க் எனப்படும் முறுக்கு விசைதான். என்னுடைய ஆராவையே எடுத்துக்கொள்வோம். சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் ஆரா 83 குதிரைத்திறனும் 114 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. டர்போ ஆரா தருவது 100 குதிரைத்திறனும் 172 நியூட்டன் மீட்டரும். குதிரைத்திறனில் வேறுபாடு ஐந்தில் ஒரு பங்குதான். டார்க்கிலோ பாதிக்குப் பாதி கூடுதல். சிஎன்ஜியில் ஓடும் ஆராவின் 95 நியூட்டன் மீட்டரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 80 விழுக்காடு கூடுதல். அதைவிட முக்கியமாக, அந்த 172 நியூட்டன் மீட்டரும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றுகள் சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறும் வாயு ஒரு சிறு விசிறியைச் சுழற்ற, அதே அச்சில் உள்ள மற்றொரு விசிறி கூடுதல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. சிறிய டர்போவாக இருந்தால் விசிறி விரைவில் வேகம் பிடித்துவிடும் என்பதால், கத்திப்பாரா மேம்பாலத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறும்போதுகூட எஞ்சின் திணறுவதில்லை.

இதற்கு நேரெதிரான குணம் 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக்கில் உண்டு. 106 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சின் கீழ்ச்சுற்றுகளில் சாதுவாக இருந்துவிட்டு, சுற்றுகள் ஏற ஏற வால்வுகளின் இயக்கம் மாறியவுடன் குரலையே மாற்றிக்கொள்ளும். இன்றும் அதைக் காதலிப்பவர்கள் உண்டு. எனினும் காலை ஒன்பது மணி ஓஎம்ஆர் நெரிசலில் அந்தச் சுற்றுகளை எட்ட வழியே கிடையாது என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது, எதைத் தேடுவது

கமுக்கக் கார்களைப் பொறுத்தவரை சென்னைக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு: நகரத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளே இவற்றில் பலவற்றைத் தயாரித்திருக்கின்றன. ஆகவே உதிரிப் பாகமும், அந்த எஞ்சினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கும் இங்கே எளிதாகக் கிடைப்பார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து 2020-இல் வந்தவை ஆரா டர்போவும் கிராண்ட் ஐ10 நியாஸ் டர்போவும்; இரண்டிலும் ஒரே 998 சிசி எஞ்சின். இவை நீண்ட காலம் விற்பனையில் இருக்கவில்லை; ஆகவே பழைய கார்ச் சந்தையில் பொறுமை வேண்டும். அதே தொழிற்சாலையின் 2006 வெர்னா சிஆர்டிஐ டீசல், 110 குதிரைத்திறனும் 235 நியூட்டன் மீட்டரும் கொண்டு, அந்தக் காலத்தில் தன்னைவிட விலை கூடிய பல கார்களை ஜிஎஸ்டி சாலையில் அடக்கமாக முந்திச் சென்ற கார். இன்று அதை வாங்குவதற்கு வயது ஒரு தடையாகிவிட்டது.

மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் உருவான ஈகோஸ்போர்ட்டில் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் வகை ஒன்று உண்டு. மூன்றே சிலிண்டர்கள், 125 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர். தெருவில் நிற்கும் டீசல் ஈகோஸ்போர்ட்டுக்கும் இதற்கும் வேறுபாடு கண்டுபிடிக்கச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபின் இவற்றின் விலை இறங்கியது வாங்குபவருக்கு நன்மையே. ஆனால் இதன் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட், எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும் வகையைச் சேர்ந்தது என்பதால், சரியான தரமுள்ள ஆயில் சரியான இடைவெளியில் மாற்றப்பட்டதற்கான ரசீதுகள் இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், இந்த வட்டாரத்தின் ஆகச்சிறந்த கமுக்கக் கார் ஒரகடத்தில் தயாரான நிசான் கிக்ஸ் 1.3 டர்போதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து டீசல் எஞ்சின் கைவிடப்பட்டபோது, அதன் இடத்தை நிரப்ப வந்த இந்த எஞ்சின் 156 குதிரைத்திறனும் 254 நியூட்டன் மீட்டரும் தந்தது. அப்போது நிசானும் ரெனோவும் கூட்டாக நடத்திய அதே தொழிற்சாலையின் ரெனோ டஸ்டரிலும் இதே எஞ்சின்தான் இருந்தது. மக்கள் இவ்விரண்டையும் குடும்ப வண்டியாகவே பார்த்தார்கள். அதிகம் விற்கவும் இல்லை. விற்காத வண்டிக்கு மறுவிற்பனை மதிப்புக் குறைவு என்பது விற்பவரின் கவலை.

செலவு செய்ய முடிந்தவர்களுக்கு, மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் 2021-இல் பொருத்தத் தொடங்கிய எம்340ஐ இருக்கிறது. அறிமுகத்தின்போது 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர், நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 4.4 விநாடி. சாதாரண 3 சீரிஸுக்கும் அதற்கும் இடையே தி.நகர் கூட்டத்தில் எவரும் வேறுபாடு காண மாட்டார்கள்.

வெளியூர்த் தயாரிப்புகளில், 160 குதிரைத்திறன் கொண்ட ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, மேலே சொன்ன விர்டஸ், அதன் உடன்பிறப்பான ஸ்லாவியா ஆகியவை கவனிக்கத்தக்கவை. மின்சாரக் கார்களில் மோட்டார் சுழலத் தொடங்கும்போதே முழு டார்க்கும் கிடைத்துவிடுவதால், ஏறத்தாழ எல்லாமே ஒரு வகையில் கமுக்கக் கார்கள்தான். அவற்றைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இந்தச் சிறு டர்போக்கள் ஏன் இவ்வளவு சாதாரண உடலில் வந்தன என்பதற்கு வரிவிதிப்பே காரணம். 2006 முதலே நான்கு மீட்டருக்குக் குறைவான நீளமும் 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு வரிச்சலுகை இருந்து வருகிறது. கொள்ளளவைக் கூட்டினால் வரி கூடும். காற்றை அழுத்தி அனுப்பினால் வரி ஏறாது.

மூன்றாம் படி: ஆவணங்கள்

ஆர்.சி.யை வாங்கியதும் விலாசத்தைப் பார்ப்பதற்குமுன் கன கொள்ளளவையும் வெற்று எடையையும் பாருங்கள். ஆரா டர்போ என்று விற்கப்படும் வண்டியின் ஆர்.சி.யில் 998 சிசிக்குப் பதிலாக 1,197 என்று இருந்தால், கிரில்லில் மின்னும் டர்போ சின்னம் புதுப்பேட்டை உதிரிப் பாகக் கடையிலிருந்து வந்தது என்று பொருள். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டுள்ளதா, காப்பீடு நடப்பில் உள்ளதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு கண்ணால் ஒப்பிட வேண்டும். 15 ஆண்டுகளைத் தாண்டிய சிட்டி விடெக் போன்ற கார்களுக்குப் பதிவு புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்பதும், பசுமை வரி கட்டப்பட்டுள்ளதா என்பதும் கூடுதல் கேள்விகள்.

நான்காம் படி: குளிர்ந்த எஞ்சினும் வெள்ளச் சேறும்

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. காலை ஏழு மணிக்குமுன் போய், பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது முதல் சில விநாடிகளில் டைமிங் செயினின் கரகரப்புக் கேட்கிறதா, சைலன்சரிலிருந்து நீலப் புகை வருகிறதா என்பவையே டர்போ எஞ்சினின் உண்மைக் கதையைச் சொல்லும். நீலப் புகை, ஆயில் எரிவதற்கு அடையாளம். அடுத்து ஆயில் மூடியின் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். காபி நுரை போலப் படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

சென்னையில் இதைவிட முக்கியமான சோதனை வெள்ளச் சோதனை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் நின்றன. அவற்றில் பல சுத்தம் செய்யப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்துவிட்டன. பாலிஷ் போட்ட உடலும் புது இருக்கை உறையும் கண்ணை ஏமாற்றும். சீட் பெல்ட் ஏமாற்றாது. ஓட்டுநர் பக்க பெல்ட்டை முழுவதுமாக, கடைசி அங்குலம்வரை வெளியே இழுங்கள். மடிப்பாக்கத்தில் ஒரு வண்டியை நான் பார்த்தபோது, மேலே பளிச்சென்று கறுப்பாக இருந்த பெல்ட்டின் கடைசி ஒரு சாண் நீளத்தில் தேநீர்க் கறை போன்ற பழுப்புக் கோடு ஒன்று நேராக ஓடிக்கொண்டிருந்தது. நாக்கால் தொட்டால் மண் ருசிக்கும் போலிருந்தது. விற்பவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விலை பேசாமலே கிளம்பிவிட்டேன். இதோடு இருக்கைகளின் இரும்புத் தண்டவாளத்தில் துருவையும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் உலர்ந்த வண்டலையும், ஃப்யூஸ் பெட்டியின் உள்மூலைகளில் பச்சைக் களிம்பையும் தேடுங்கள். எஞ்சினுக்குள் நீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்யப்பட்டிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கக்கூடும். அது வெளியில் தெரியாது, சில மாதங்கள் கழித்தே தன்னைக் காட்டிக்கொள்ளும்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை நிறுத்திவிட்டு, ஏசியை முழுவதும் வைத்து, ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். மதுரவாயல் புறவழிச்சாலையில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். கோயம்பேடு சிக்னல்களிலும் ஊர்ந்து பாருங்கள், குறிப்பாக இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர் உள்ள வண்டியாக இருந்தால்; போலோ ஜிடி டிஎஸ்ஐயில் உள்ளது போன்ற ஆயில் இல்லாத உலர் கிளட்ச் வகை, நின்று நின்று ஊரும் போக்குவரத்தில்தான் சூடேறித் தன் குறையைக் காட்டும். ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது உதறினால் ஒதுங்கிவிடுங்கள். நான் காரின் கணினித் தகவல்களைப் படிக்கும் ஓபிடி ரீடர் ஒன்றைக் கைப்பேசியோடு இணைத்து எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் வெப்பத்தைப் பார்ப்பேன். மே மாத நண்பகலில் சிக்னலில் நிற்கும்போது அது 60 டிகிரியைத் தாண்டுவதையும், வண்டி நகர்ந்து காற்றுப் பட்டதும் மளமளவென்று இறங்குவதையும் கண்டிருக்கிறேன். இறங்காமலே நின்றால், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலோ குழாய்களிலோ கோளாறு என்று கொள்ளலாம். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால், எந்த டர்போ காரும் சென்னை மே மாதத்தில் தன்னுடைய மார்கழி மாத வேகத்தைத் தராது. அதைக் குறையாகக் கருத வேண்டாம்.

ஐந்தாம் படி: ரீமேப் என்ற ஆசையை ஒத்திப்போடுவது

எட்டு ஆண்டுகளுக்குமுன் என்னிடம் ஒரு டீசல் செடான் இருந்தது. நகரின் மேற்குப் பகுதியில் ஒரு பட்டறையில் எஞ்சினின் மென்பொருளை மாற்றி எழுதி (இதைத்தான் ரீமேப் என்கிறார்கள்), டார்க்கை மூன்றில் ஒரு பங்கு உயர்த்தித் தருவதாகச் சொன்னார்கள், தந்தார்கள். முதல் வாரம் சொர்க்கம். மூன்றாம் மாதம் ஈசிஆரில் நான்காம் கியரில் மிதித்தபோது சுற்றுகள் ஏறின, வேகம் ஏறவில்லை. கருகிய கிளட்ச்சின் வாடை உள்ளே வந்தது. எஞ்சின் தாங்கியது, கிளட்ச் தாங்கவில்லை. கிளட்சை மாற்றினேன், அடுத்து டர்போவின் குழாய் விட்டுப்போயிற்று. அந்தப் பட்டறையில் கேட்டபோது, கிளட்ச் தங்கள் பொறுப்பு அல்ல என்றார்கள். சொல்லப்போனால் அது உண்மையும்கூட.

தொழிற்சாலை ஓர் எஞ்சினை உருவாக்கும்போது அதன் கிளட்ச், கியர்பாக்ஸ், குளிரூட்டி, பிரேக் அனைத்தையும் அதே கணக்கில் அமைக்கிறது. ரீமேப் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்குகிறது. சட்டமும் இதற்குச் சாதகமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து வாகனம் மாறுபடும்படி உரிமையாளர் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கப்படலாம். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் இருந்தால், விபத்துக்குப்பின் இழப்பீடு கேட்கும்போது தகராறு வரும். ஆகவே பழைய காரை வாங்கும்போது "லேசா ட்யூன் பண்ணியிருக்கோம்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அதை விலையைக் கூட்டும் காரணமாக அன்றி வாங்காமல் திரும்பும் காரணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வாங்கியபின் முதல் மாதம்

முதல் செலவு பிரேக்குக்கும் டயருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. கடற்கரை நகரத்தின் புழுக்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதை விட்டுவைக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆம் வாரத்தில் தயாரானது, பட்டன் எனப்படும் டயர்ப் பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். வேகக் குறியீட்டில் டி (T) என்றால் மணிக்கு 190, ஹெச் (H) என்றால் 210, வி (V) என்றால் 240 கிலோமீட்டர்வரை தாங்கும். பழைய உரிமையாளர் செலவைக் குறைக்க ஒரு படி கீழிறங்கிய டயரைப் போட்டிருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது.

எரிபொருளைப் பொறுத்தவரை, எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், எரிபொருள் முன்கூட்டியே எரிவதால் எழும் எஞ்சின் தட்டலை எதிர்க்கும் திறன் கொண்டதுதான். ஆனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்கும். பழைய சிட்டி போன்ற கார்களில் எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிவிட வேண்டும். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, வெள்ளநீரால் எஞ்சின் பழுதாவதற்கான கூடுதல் பாதுகாப்பைக் கேட்டு வாங்குங்கள், அக்டோபர் வருவதற்குமுன்.

பிறகு, இந்தக் காரால் என்ன செய்ய முடியும் என்று பார்க்கும் ஆசை வரும். அதற்கான இடம் பெசன்ட் நகர்க் கடற்கரைச் சாலையோ ஈசிஆரோ அன்று. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல் முறையே மூன்று மாதம்வரை சிறை கிடைக்கக்கூடும். இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களின் வாரிசு அது. சொந்தக் காரோடு தடத்தில் ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்யப்படும் நாட்களில் தலைக்கவசத்தோடு போய், ஸ்டெப்னியையும் டிக்கியில் உள்ள தட்டுமுட்டுகளையும் இறக்கிவைத்துவிட்டு ஓட்டுங்கள். நான்கைந்து சுற்றுக்குமேல் பிரேக் மிதி பஞ்சு போலாகும். அப்போது ஒரு சுற்றை மெதுவாக ஓட்டிக் குளிரவிட்டு, உள்ளே வந்தபின் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் நிறுத்த வேண்டும். எஞ்சினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டால் டர்போவின் பேரிங்குகளில் ஆயில் கருகாது.

டிக்கி மூடியில் வண்டியின் வகையைக் காட்டிக்கொடுக்கும் எழுத்துகளை எடுத்துவிட நினைத்தால், வாங்கிய புதிதிலேயே செய்துவிடுங்கள். நாள் போகப் போக அவற்றின் கீழுள்ள பெயிண்ட் மட்டும் வெயில் படாமல் தனி நிறமாக நின்று, எழுத்து போனபின்னும் எழுத்தாகவே தெரியும். ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் சூடேற்றி, மீன்பிடிக்கும் நரம்பை எழுத்துக்குப் பின்னால் அறுப்பது போல் முன்னும் பின்னும் இழுத்தால் கீறலின்றிப் பெயர்ந்து வரும். ஒட்டியிருக்கும் பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுச் சோப்பு நீரால் கழுவிவிடலாம். பெயர்த்த எழுத்துகளை ஓர் உறையில் போட்டு டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார்.